ஏறியது இறங்க மறுக்கிறதா?
டிராக்டர் ஹைட்ராலிக் அமைப்பில் இறக்கக் கோளாறுகளைக் கண்டறியும் முறை

காரைக்கால் பகுதி காவிரிப் பாசனத்தின் கடைமடை என்பது உழவர் பெருமக்கள் யாவரும் அறிந்ததே. அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு வழியாகத் தண்ணீர் வந்து சேர்வதே மேல்மடையைவிடத் தாமதம். வந்த தண்ணீரைக் கொண்டு சில நாட்களுக்குள் சேற்றுழவை முடித்தால்தான் குறுவை நாற்றைப் பருவத்தில் நட முடியும். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஊர்களில் சிறு நிலம் வைத்திருப்போர் பலரும் வாடகை டிராக்டரை நம்பியே இவ்வேலையைச் செய்கின்றனர். வரப்பு தாண்டுவதற்காகத் தூக்கிய ரோட்டவேட்டர் மறுபடியும் சேற்றில் இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிட்டால், அன்றைய வேலையும் வாடகையும் ஆட்கூலியும் வீணாகும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எருவையோ நெல்லையோ கொட்டிய பின்னும் டிப்பர் டிரெய்லரின் பெட்டி கீழிறங்காமல் நின்றால், காரணம் அறிய யாரேனும் ஒருவர் அதன் அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குழாய் இணைப்பு ஒன்றை அவர் தளர்த்திய அதே நொடியில், அத்தனை நேரம் அசையாமல் நின்ற பெட்டி முழு எடையுடன் இறங்கிவிடும். இவ்வாறு உயிரிழப்பது முழுவதும் தவிர்க்கக் கூடியது. இறக்கம் எவ்வாறு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பெரும்பாலான கோளாறுகளை அடியில் நுழையாமலேயே கண்டறியலாம்.

ஏற்றுவது பம்பு, இறக்குவது எடை

டிராக்டரின் பின்புறத் தூக்கு கைகளும் டிப்பர் டிரெய்லரின் ஜாக்கியும் ஒரே தத்துவத்தில் இயங்குகின்றன. பம்பு எண்ணெயை அழுத்தி உருளைக்குள் செலுத்துகிறது. எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது, சுமை ஏறுகிறது. லீவரை இறக்கும் நிலைக்குத் தள்ளும்போது வால்வு திறந்து, உருளையிலுள்ள எண்ணெய் வெளியேற வழி கிடைக்கிறது. அப்போது சுமையின் எடையே பிஸ்டனை அழுத்தி எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புகிறது. இறக்குவதற்குப் பம்பின் உதவி தேவையில்லை. ஆகவேதான் பெரும்பாலான டிராக்டர்களில் என்ஜினை நிறுத்திய பிறகும் லீவரைத் தாழ்த்தினால் கருவி இறங்குகிறது.

கருவியை டிராக்டருடன் மூன்று முனைகளில் இணைத்து ஹைட்ராலிக் முறையில் தூக்கும் ஏற்பாட்டை 1920-களில் வடிவமைத்து வளர்த்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அவருடைய அமைப்பைக் கொண்ட டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் டிராக்டர்கள் வழியாக அவர் பெயர் நம் ஊர்களுக்கும் அறிமுகமானது. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டரானாலும் தூக்கும் முறையின் அடிப்படை இதுவே. 2009-இல் இயங்கத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் போன்ற இடங்களிலும், பெரிய கிடங்குகளிலும் சரக்கை அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் தூணும் இதே முறையில்தான் சுமையை இறக்குகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஜாக்கி பிஸ்டனின் விட்டம் 10 செ.மீ. என்றால் அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ. சுமையேற்றிய பெட்டி பிஸ்டன்மேல் 3000 கிலோ எடையுடன் அழுத்தினால், எண்ணெயில் சதுர செ.மீ.-க்கு ஏறத்தாழ 38 கிலோ அழுத்தம் உண்டாகும். சுமையைக் கொட்டிய பின் வெறும் பெட்டி 800 கிலோ அழுத்துவதாகக் கொண்டால், அழுத்தம் 10 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். எண்ணெயை வெளியே தள்ளும் விசை கால் பங்காகிவிட்டது. துருப்பிடித்த கீல், பாதி அடைபட்ட குழாய், தடித்த எண்ணெய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இக்குறைந்த விசையைத் தடுத்துவிடும். ஏறும்போது தெரியாத குறை இறங்கும்போது தெரிவது இதனால்தான்.

ஆகவே, சுமை இறங்காதபோது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். அழுத்துவதற்குப் போதிய எடை இருக்கிறதா? அசையும் பாகம் எங்கேனும் பிடித்துக்கொண்டுள்ளதா? எண்ணெய் திரும்பிச் செல்ல வழி திறந்திருக்கிறதா? மாறாக, சுமை தானாகவே இறங்கினால், எண்ணெய் எந்த வழியில் கசிகிறது என்று தேட வேண்டும்.

தொடங்குமுன் பாதுகாப்பு

1. தூக்கி நிற்கும் எந்தக் கருவியின் அடியிலும், முட்டுக் கொடுக்காமல், கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு முட்டு ஆகாது.

2. முட்டு, எடையைத் தாங்கும் இரும்புத் தாங்கியாகவோ அகன்ற அடியுள்ள கனமான மரச்சட்டமாகவோ இருத்தல் வேண்டும். செங்கல் அடுக்கு நொறுங்கும். தென்னந்துண்டு உருளும். டிரெய்லருடன் வந்த முட்டுச் சட்டத்தைக் கழற்றி வீட்டில் வைத்திருப்போர் அதை மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

3. சுமை மேலே நிற்கும்போது எந்தக் குழாய் இணைப்பையும் தளர்த்தக் கூடாது. முட்டுக் கொடுத்து, எடை முழுவதும் முட்டின்மேல் அமர்ந்த பின்னரே, மெக்கானிக் அதைச் செய்யலாம்.

4. கசிவு இருக்குமிடத்தை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் இது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம். ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்துக் கசிவைப் பார்க்கவும்.

5. இறங்காத பெட்டியின்மேல் ஏறிக் குதிப்பதும், வேறொரு டிராக்டரைக் கொண்டு கயிறு கட்டி இழுப்பதும் கூடவே கூடாது. பிடிப்பு விட்டவுடன் பெட்டி சரேலென்று விழும்.

6. தூக்கிய பெட்டியுடன் வண்டியை நகர்த்தக் கூடாது. தலைக்கு மேல் மின்கம்பி செல்லும் இடத்தில் பெட்டியைத் தூக்கவே கூடாது.

டிப்பர் டிரெய்லர் இறங்காவிடில்

முதலில் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். பெட்டியின் கீல் பின்புறம் உள்ளது. பெட்டி மேலே போகப் போக அதன் எடையின் மையம் கீலை நோக்கி நகர்கிறது. முழு உயரத்தில் ஜாக்கியின்மேல் அழுத்தும் எடை மிகவும் குறைந்துவிடும். வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி நின்றால் எடை இன்னும் பின்னுக்குச் சாயும். ஈர எருவோ களிமண்ணோ பெட்டியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு கீலுக்குப் பின்னால் தொங்கினால், அதுவே பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் ஹைட்ராலிக் அமைப்பில் குறையே இல்லாவிட்டாலும் பெட்டி இறங்காது. இத்தகைய நிலையில், பெட்டி விழக்கூடிய இடத்திற்கு வெளியே பக்கவாட்டில் நின்று, நீண்ட கம்பு கொண்டு ஒட்டிய மண்ணைத் தள்ளிவிட வேண்டும். சமதரையில் நிறுத்திக் கொட்டுவதும், தேவையான உயரத்திற்குமேல் தூக்காமலிருப்பதும் இதைத் தடுக்கும் வழிகள்.

அடுத்து லீவரைக் கவனியுங்கள். லீவர் இறக்கும் நிலைக்கு முழுவதும் செல்கிறதா? லீவரையும் வால்வையும் இணைக்கும் கம்பியின் பின் கழன்றிருந்தால் லீவர் மட்டும் அசையும், வால்வு அசையாது.

மூன்றாவதாக, டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் குழாயின் கப்ளிங்கைப் பார்க்கவும். இதனுள் எண்ணெய் சிந்தாமல் இருப்பதற்காகச் சிறு அடைப்பான்கள் உள்ளன. கப்ளிங் முழுவதும் பொருந்தாமல் பாதியில் நின்றால், ஏறும்போது பம்பின் அழுத்தம் அடைப்பானைத் தள்ளித் திறந்துகொள்ளும். இறங்கும்போது திரும்பி வரும் எண்ணெயே அதை மூடிவிடும். ஆகவே பெட்டி ஏறும், இறங்காது. மணலும் சேறும் ஒட்டிய கப்ளிங்கில் இது அடிக்கடி நேரும். பெட்டிக்கு முட்டுக் கொடுத்த பின், லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை நீக்கி, கப்ளிங்கைத் துடைத்து முழுவதும் பொருத்த வேண்டும். அழுத்தம் நீங்காமல் கப்ளிங் இறுகியே இருந்தால் அதை வலிந்து கழற்றாமல் மெக்கானிக்கை அழைக்கவும்.

கப்ளிங் சரியாக இருந்தும் இறங்காவிடில் ரப்பர் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பழைய குழாயின் உட்புறத் தோல் உரிந்து மடல்போலத் தொங்கும். எண்ணெய் ஒரு திசையில் செல்லும்போது மடல் படிந்து வழிவிடும். மறுதிசையில் வரும்போது எழுந்து அடைத்துக்கொள்ளும். வெளியே பார்ப்பதற்குக் குழாய் நன்றாகவே இருக்கும். இதற்குப் புதுக் குழாய் மாற்றுவது ஒன்றே வழி.

கடைசியாக, ஜாக்கித் தண்டு வளைந்திருக்கிறதா, கீல் பின்கள் துருவேறியிருக்கின்றனவா என்று பார்க்கவும். ஒரு பக்கமாகச் சுமையை ஏற்றித் தூக்குவதால் தண்டு வளையும். வளைந்த தண்டு உருளைக்குள் நுழையாது. இது பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

ரோட்டவேட்டர், கலப்பை இறங்காவிடில்

மிகவும் சாதாரணமான காரணம் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு. பல டிராக்டர்களில் இது இருக்கைக்கு அருகில் கீழே அமைந்திருக்கும். சாலையில் செல்லும்போது கருவி இறங்காமலிருக்க இதை முழுவதும் மூடுவது சரியான பழக்கம். வயலுக்கு வந்தபின் திறக்க மறந்துவிட்டால் லீவரை எவ்வளவு தாழ்த்தினாலும் கருவி இறங்காது. மெக்கானிக்கைத் தேடிப் போகுமுன் இத்திருகைப் பார்க்கவும்.

இரண்டாவது, லீவர்களின் நிலை. பெரும்பாலான டிராக்டர்களில் கருவியின் உயரத்தைக் கட்டுப்படுத்த ஒரு லீவரும், உழவின் இழுவிசைக்கு ஏற்ப ஆழத்தைக் கட்டுப்படுத்த மற்றொரு லீவரும் உள்ளன. சில வகைகளில் இரண்டாவது லீவர் மேல்நிலையில் இருந்தால் முதல் லீவரைத் தாழ்த்தினாலும் கைகள் இறங்கா. டிரெய்லருக்கு எண்ணெயைத் திருப்பிவிடும் குமிழ் உள்ள டிராக்டர்களில், அக்குமிழ் டிரெய்லர் பக்கமே விடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எடை. கருவி ஏதும் மாட்டாத வெறும் கைகள் மெதுவாக இறங்குவது குறையன்று. எடையுள்ள கருவியை மாட்டிச் சோதித்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தும் இறங்காவிடில், கட்டுப்பாட்டு வால்வினுள் அழுக்கோ துருவோ சேர்ந்து அது இறுகியிருக்கக் கூடும். வால்வு மிக நுண்ணிய இடைவெளியுடன் செய்யப்பட்டது. வயலோரத்தில் அதைப் பிரித்தால் உள்ளே போகும் மணல் முன்னைவிடப் பெரிய கேட்டை விளைவிக்கும்.

தானாகவே இறங்கினால்

தூக்கிய கருவி மெதுவாகத் தாழ்ந்துகொண்டே வருவது எண்ணெய்க் கசிவின் அறிகுறி. என்ஜின் ஓடும்போது கருவி சிறிது தாழ்வதும் உடனே எழுவதுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இதே குறைதான். கசிந்த அளவைப் பம்பு உடனுக்குடன் நிரப்புவதால் தலையாட்டல் உண்டாகிறது. என்ஜினை நிறுத்தினால் கருவி முழுவதும் இறங்கிவிடும்.

கசியும் இடத்தைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. கருவியைத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, தள்ளி நின்று அது தாழும் வேகத்தைக் கவனியுங்கள். பின்னர் மீண்டும் முழு உயரத்திற்குத் தூக்கி, மேற்சொன்ன வேகத் திருகை முழுவதும் மூடிவிட்டு, என்ஜினை நிறுத்திக் கவனியுங்கள். திருகை மூடியவுடன் தாழ்வது நின்றால், குறை கட்டுப்பாட்டு வால்வு பக்கம் உள்ளது. மூடிய பின்னும் தாழ்ந்தால், உருளையின் பிஸ்டனிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். திருகு உருளைக்கும் வால்வுக்கும் இடையில் அமைந்த டிராக்டர்களுக்கு இச்சோதனை பொருந்தும். முடிவை மெக்கானிக்கிடம் சொன்னால் தேவையற்ற பாகங்களைப் பிரிக்கும் செலவு மிச்சமாகும்.

டிரெய்லர் ஜாக்கியில் சோதனை இன்னும் எளிது. தண்டைச் சுற்றி எண்ணெய் வழிந்தால் ஜாக்கியின் சீல் தேய்ந்துள்ளது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் பெட்டி இறங்கினால் எண்ணெய் வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது என்று பொருள்.

விட்டுவிட்டு இறங்குதல், வேகமாக விழுதல்

தண்டு குதித்துக் குதித்து இறங்கினால் எண்ணெயில் காற்று கலந்திருக்கலாம், அல்லது கீல்களில் கிரீஸ் இல்லாமல் உராயலாம். எண்ணெய் அளவையும் கிரீஸையும் முதலில் சரி செய்யவும்.

வேகமாக விழுந்தால் வேகத் திருகை ஓரளவு மூட வேண்டும். சில டிரெய்லர்களில் இறங்கும் வேகத்தைக் குறைக்கக் குழாய் இணைப்பில் சிறு துளையுள்ள அடைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பெட்டி சீக்கிரம் இறங்கட்டும் என்று அதைக் கழற்றிவிடுவோர் உண்டு. ஜாக்கியின் வாயிலேயே பொருத்தப்பட்ட அடைப்பு, குழாய் வெடித்தாலும் பெட்டி ஒரே அடியாக விழாமல் காப்பதும் ஆகும். அதைக் கழற்ற அனுமதிக்காதீர்கள்.

அறுவடை இயந்திரத்தின் முன்புற வெட்டுத் தட்டும் எடையால் இறங்குவதே. கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்குமுன் என்ஜினை நிறுத்தி, தட்டைத் தரையில் இறக்கவோ அதற்குரிய பூட்டை மாட்டவோ வேண்டும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் உழவர் வீட்டு இளைஞர்களுக்கும் ஒரு சொல். இறக்கும்போது முள் எங்கேனும் தட்டி நின்று சங்கிலி தொய்ந்தால், லீவரை மேலும் தாழ்த்தக் கூடாது. தடை விலகியவுடன் தொய்ந்த அளவுக்குச் சுமை விழும். முதலில் ஏற்றும் நிலைக்குத் தள்ளிச் சங்கிலியை இறுகச் செய்த பிறகே தடையை நீக்க வேண்டும்.

கடலோரத்திற்குரிய பராமரிப்பு

நம் பகுதியில் உப்புக் காற்றும் சேற்று நீரும் ஹைட்ராலிக் அமைப்புக்குப் பகைவர்கள். உப்புக் காற்று பட்டு ஜாக்கித் தண்டின் பளபளப்பான மேற்பரப்பில் துருப்புள்ளிகள் உண்டானால், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அவை சீலை அரம்போல் அறுக்கும். வேலை முடிந்தபின் ஜாக்கியை முழுவதும் இறக்கி, தண்டு உருளைக்குள் இருக்குமாறு நிறுத்துவதே இதற்குச் சிறந்த காப்பு. சேற்றுழவு முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கீல்களுக்கும் புஷ்களுக்கும் கிரீஸ் இட வேண்டும்.

எண்ணெயை வாரம் ஒரு முறை பார்க்கவும். சிறிதளவு எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஒரு மணி நேரம் வைக்கவும். பால்போல் வெளுத்திருந்த எண்ணெய் தெளிந்துவிட்டால் அது காற்றுக் குமிழி. தெளியாமலே இருந்தாலோ அடியில் நீர் தேங்கினாலோ தண்ணீர் கலந்துள்ளது. அவ்வெண்ணெயை மாற்றி, நீர் புகுந்த வழியையும் அடைக்க வேண்டும். டிராக்டர் புத்தகத்தில் குறித்த எண்ணெயையே ஊற்றவும். பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள வகைகளுக்கு அதற்கென உள்ள எண்ணெய் தேவை.

எண்ணெய் அளவைத் தூக்கு கைகளும் ஜாக்கியும் இறங்கிய நிலையில் பார்க்க வேண்டும். 10 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீட்சியும் உள்ள ஜாக்கி ஏறி நிற்கும்போது ஏறத்தாழ 8 லிட்டர் எண்ணெயை டிராக்டரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்நிலையில் குறைவென்று நினைத்து ஊற்றினால், பெட்டி இறங்கும்போது எண்ணெய் பொங்கி வழியும். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வாடகை டிரெய்லர் ஒன்று இன்று ஒரு டிராக்டரிலும் நாளை மற்றொன்றிலும் இணைக்கப்படுகிறது. ஒருவருடைய அழுக்கு எண்ணெய் ஜாக்கி வழியாக அடுத்தவர் டிராக்டருக்குச் செல்கிறது. கப்ளிங்குகளுக்கு மூடி போட்டுத் துடைத்து இணைப்பதும், எண்ணெய் வெளுத்திருக்கும் டிரெய்லரை மறுப்பதும் உங்கள் டிராக்டரைக் காக்கும்.

சுருக்கமாக

திருகு, லீவர், குமிழ், கப்ளிங், கிரீஸ், எண்ணெய் அளவு, ஒட்டிய மண் ஆகியவை நீங்களே பார்த்துச் சரி செய்யக் கூடியவை. வால்வு, பிஸ்டன் வளையம், ஜாக்கி சீல், வளைந்த தண்டு, உரிந்த குழாய் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஐயமிருப்பின் அருகிலுள்ள வேளாண் பொறியியல் துறை அலுவலரையோ காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிக் கேட்கலாம்.

சேற்றுழவு ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாள் செய்துகொள்ளலாம். ஆகவே தூக்கி நிற்கும் சுமைக்கு முட்டுக் கொடுக்காமல் எவரையும் அடியில் செல்ல விடாதீர்கள். வாடகை டிராக்டருடன் வரும் ஓட்டுநருக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும், கூலிக்கு வரும் ஆட்களுக்கும் இதைப் பருவம் தொடங்குமுன்பே எடுத்துச் சொல்லுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.